பாண்டித்துரைத் தேவரும் பாண்டியன் புத்தகசாலையும்

பூட்டிய அறையின் கதை சைவ மக்களுக்குப் புதிதன்று. மூவர் முதலிகள் திருவாய்மலர்ந்தருளிய திருப்பதிக ஏடுகள் தில்லையிலே ஓரறையில் இலச்சினையிட்டு வைக்கப்பட்டிருந்தமையும், பாடியருளிய மூவரும் ஒருங்கு வந்தாலன்றிக் கதவு திறத்தற்கில்லை எனத் தில்லைவாழந்தணர் மொழிந்தமையும், சோழ மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளுவித்துக் கதவு திறப்பித்தமையும், உள்ளே ஏடுகளிற் பெரும்பகுதி செல்லரித்துக் கிடந்தமையும் திருமுறைகண்ட புராணத்தால் நாம் அறிந்தனவே. அப்புராணத்தை ஓதுங்கால் நம்மனோர் பெரும்பாலும் எஞ்சிக் கிடைத்தவற்றை எண்ணி மகிழ்வர். செல்லுக்கு இரையாயினவற்றை எண்ணி உறக்கமிழப்பார் மிகச் சிலர். ஏடு எங்கேனும் ஓரிடத்தில் இருந்தாற் போதாது, வேண்டுவார் கைக்கு அஃது எட்டவும் வேண்டும் என்று கருதித் தம் வாழ்நாளின் பிற்பகுதியை அதற்கே செலவிட்ட ஒருவரைப் பற்றி ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். அவர் பாலவநத்தம் சமீன்தாராக விளங்கிய பாண்டித்துரைத் தேவரவர்கள்.

தேவரவர்களின் வரலாறு எழுதினோர் பலர். அவருட் பெரும்பாலார் அவரது கொடைத்திறத்தையே விரித்துப் பாரியோடும் குமணனோடும் ஒப்பிட்டு அமைவர். புலவர்க்குப் பொன் கொடுத்த செல்வர் தமிழ்நாட்டில் அவர்க்கு முன்னும் இருந்தனர், பின்னும் இருந்தனர். அவர்கள் கொடுத்த பொன் அப்புலவர் காலத்தோடு ஒழிந்தது. தேவரவர்களின் செயலோ வேறொரு வகைத்து. ஒருவரையொருவர் அறியாதிருந்த கற்றோரையும் கற்க விழைந்தோரையும் ஒரு கூரையின்கீழ் வைத்த நூல்களைக் கொண்டே அவர் ஒன்றுகூட்டினார். அதுவே எம் கருத்திற் படுவது.

இவர் 1867ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆம் நாள் இராமநாதபுரத்து அரச மரபிற் பிறந்தார். தந்தையார் பொன்னுசாமித் தேவர். அவர் பெயரைச் சைவருலகம் மறத்தற்கில்லை. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் திருக்கோவையாருரையையும் திருக்குறட் பரிமேலழகருரையையும் ஆராய்ந்து அச்சிட்டது அப்பெருமானின் வேண்டுகோளினாலும் பொருளுதவியினாலுமே யாம். தேவரவர்கள் சிறு பிராயத்தராயிருக்கும்போதே தந்தையார் சிவபதம் எய்தினார். எனினும், தந்தையின் பொருளில் ஒரு பங்கு நூலாக மாறி நாடெங்கும் சென்று பயன்படுதலை மைந்தர் இளமையிலேயே கண்டிருப்பர் என்பது எம் துணிபு. உறவின்முறையாற் சகோதரராகிய பாஸ்கர சேதுபதியவர்களும் ஏறத்தாழ ஒத்த வயதினர். விவேகானந்த அடிகள் 1893ஆம் ஆண்டிலே சிகாகோ நகரத்துச் சர்வமத மகாசபைக்குச் செல்லத் துணைநின்ற மன்னர் அவரே.

இளமையில் தமிழும் ஆங்கிலமும் முறையாகப் பயின்ற தேவரவர்கள், உரிய பருவத்திற் சமீன் பொறுப்பை ஏற்றனர். வருவாய்க் கணக்குகளைக் காட்டிலும் புலவர் குழுவிலேயே அவர் உள்ளம் பெரிதும் சென்றது. பலநூற் செய்யுட்களைப் பொருள்வகையாற் பாகுபடுத்திப் பன்னூற்றிரட்டு என்னும் தொகைநூல் ஒன்றையும் அவர் ஆக்கினர். ஒரு பொருளைப் பற்றிப் பல ஆசிரியரும் கூறியவற்றை ஓரிடத்தே தேடி வைப்பவர், தாமே ஏட்டுக்கட்டுகளைப் புரட்டித் தேடியிருத்தல் வேண்டும். அத்தொல்லையை அறிந்தமையே பிற்காலத்து அவர் செயலுக்கெல்லாம் வித்தாயிற்று என்று யாம் கருதுகின்றோம்.

அக்காலத்துத் தமிழ் நூல்கள் இருந்த நிலையை இக்காலத்தார் எளிதில் உணர்தல் அரிது. நூல்கள் இல்லாமற் போகவில்லை. அவை பிறர் காணாவண்ணம் இருந்தன. ஒரு புலவர் வீட்டுப் பரணில் ஒரு நூலின் முற்பகுதியும், இருபது காதத்துக்கு அப்பால் ஒரு கவிராயர் வீட்டில் அதன் பிற்பகுதியும் கிடக்கும். இவர்க்கு அவர் உள்ளமை தெரியாது. தெரிந்தாலும் ஏடு கொடுக்கும் வழக்கமில்லை. மறுத்தவர் எல்லாரையும் கடிந்துரைத்தலும் முறையன்று. கொடுத்த ஏடு திரும்பி வாராமையைப் பலமுறை கண்டவர்கள் அவர்கள். சில மனைகளில் ஆடிப்பெருக்கன்று ஏடுகளை ஆற்றில் விடுதலைப் புண்ணியமெனக் கருதிய அறியாமையும் இருந்தது. ஆதீனங்களிலே நல்ல சுவடிச்சாலைகள் இருந்தன. திருவாவடுதுறையில் மேலகரம் சுப்பிரமணிய தேசிகரவர்கள் காலத்து அங்குப் பயின்றோர்க்கு ஏடும் ஆசிரியரும் சோறும் ஒருங்கே கிடைத்தன என்பதை மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் தம் வரலாற்றினுள் நன்றியோடு விரித்துரைத்துள்ளார். ஆயினும் மடத்தின் வாயிலை அணுகும் வாய்ப்பு எல்லார்க்கும் இருந்ததில்லை. நகரத்துக் கடைவீதியில் இருந்து கணக்கெழுதும் ஒருவர்க்குக் கற்கும் விருப்பம் உண்டாயின், அவர் செல்லுதற்கு ஓரிடம் இல்லை.

இக்குறையைத் தேவரவர்கள் நேரிற் கண்ட நிகழ்ச்சி ஒன்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. ஒருகால் அவர் சொற்பொழிவு ஆற்றும்பொருட்டு மதுரைக்கு வந்திருந்தார். மேற்கோள் பார்த்தற்குக் கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டியிருந்தன. உடனிருந்தாரை வினவினார். ஊரிற் பல இடங்களிலும் தேடியும் அவை எளிதிற் கிடைத்தில. சொக்கலிங்கப் பெருமானே தலைவராக அமர்ந்து தமிழாய்ந்த ஊர் என்று புராணம் பேசும் மாநகரம் அது. அங்கே திருக்குறட் படி ஒன்று வேண்டிய பொழுதிற் கிடைக்கவில்லை. பிறரொருவராயின் வருந்தி, இராமநாதபுரத்திலிருந்து தம் படியை வருவித்து, சொற்பொழிவை முடித்துக்கொண்டு போயிருப்பர். தேவரவர்கட்கு அவ்வளவில் மனம் அமையவில்லை. தம் மனையில் நூல்கள் நிறைந்திருத்தலால் மதுரையிலுள்ளார்க்கு யாது பயன் என்னும் எண்ணம் எழுந்தது.

1901ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை மாகாண மாநாடு மதுரையிலே கூடிற்று. அதனையே தக்க தருணமாகக் கொண்டு, தமிழ்ச்சங்கம் ஒன்று நிறுவும் கருத்தைத் தேவரவர்கள் வெளியிட்டனர். அவ்வாண்டு செப்டம்பர் மாதம் 14ஆம் நாள் மதுரைத் தமிழ்ச்சங்கம் தோன்றியது. நான்காம் சங்கமென அறிஞர் அதனை வழங்கினர். பாஸ்கர சேதுபதியவர்களும் உறுதுணையாயினர். தேவரவர்களே தலைவர். சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, அச்சியற்றும் முத்திராசாலை, செந்தமிழ் என்னும் திங்கள் வெளியீடு, தேர்வுகள் என அதற்குப் பல உறுப்புக்கள் அமைந்தன. இவற்றுள் புத்தகசாலையே உயிர்நிலை. கலாசாலை மாணவர்க்குப் பாடநூலும், முத்திராசாலைக்கு மூலப்படியும், செந்தமிழுக்கு ஆராய்ச்சிப் பொருளும் அதனிடத்திருந்தே செல்லவேண்டும். தம் மனையிலிருந்த ஏட்டுச்சுவடிகளையும் அச்சு நூல்களையும் தேவரவர்கள் அதற்கு வழங்கினர். பிறரும் வழங்கினர். தம் முன்னோர் ஏட்டை அயலார் கையிற் கொடுக்கக் கூசியவர்களும் சங்கத்துக்குக் கொடுக்கக் கூசவில்லை. கொடுத்தபின் தாமும் மதுரைக்குச் சென்று பார்க்கலாம் அல்லவா!

ஒரு நூலின் படிகள் பல ஓரிடத்து வந்து கூடியபோதுதான் அவற்றிடையே வேறுபாடு வெளிப்படும். ஓர் ஏட்டில் ஓரடி சிதைந்திருக்கும். வேறோர் ஏட்டில் அது முழுதும் இருக்கும். ஒன்றில் எழுதினோன் மனம்போனவாறு திருத்தியிருப்பான். ஒற்றைப் படியை வைத்துக்கொண்டு வீட்டிலிருப்பவர் பிழையையே பாடமெனக் கொண்டு அதற்கு நயமும் கூறுவர். அத்தகையார் இருவர் ஒரு மேசையின் இருபுறத்தும் அமர்ந்து தத்தம் ஏட்டை விரித்தவழி, இருவரும் ஒன்றைக் கற்பர். சுவடி ஒப்புநோக்குதல் தனியொருவரால் ஆவதன்று. ஒருவர் படிக்க மற்றொருவர் பார்த்துவருதல் வேண்டும். அவ்வாறு பலநாள் உடனிருந்தாரிடையே உண்டாகும் உரிமை, விருந்தினாலும் திருமணத்தினாலும் உண்டாகும் உரிமைக்குக் குறைந்ததன்று.

அவ்வண்ணம் வந்து கூடியோர் யாவர் எனக் காண்டலும் இன்பம் பயப்பதே. செந்தமிழின் முதற் பத்திராசிரியர் ரா. இராகவையங்காரவர்கள், அவரையடுத்து மு. இராகவையங்காரவர்கள். இருவரும் வைணவ மரபினர். கலாசாலையிற் கற்பித்தவருள் ஒருவர் சோழவந்தானூர் அரசஞ் சண்முகனாரவர்கள். நாகூர் குலாம் காதிறு நாவலரவர்கள் இசுலாமிய நெறியினர். அவர் மதுரைத் தமிழ்ச்சங்கத்துக்குப் புலவரை வழிப்படுத்துவதாகப் புலவராற்றுப்படை என ஒரு நூலே செய்தார். ஆற்றுப்படை பாடுவோர் பரிசில் பெற்ற இடத்தையே காட்டுதல் மரபு. நூலும் கேள்வியும் பெறுமிடத்தைக் காட்டுதற்கு அம்மரபினை அவர் ஆண்டது எமக்குப் பெருமகிழ்ச்சி தருவதொன்று. கடல்கடந்து யாழ்ப்பாணத்திலிருந்து சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவரவர்கள் செந்தமிழுக்கு எழுதினர். இவரெல்லாரும் ஒரு சமயத்தாரல்லர், ஒரு சாதியாரல்லர், ஓரூராருமல்லர்.

சைவராகிய தேவரவர்கள் பிறசமய நூல்பால் நடந்துகொண்ட வகையும் கருதத்தக்கது. சங்கம் தோன்றுமுன்னரே, 1898ஆம் ஆண்டில் ஐயரவர்கள் மணிமேகலையை வெளியிட்டபோது தேவரவர்கள் பொருளுதவினர். அது பௌத்த நூல். சமயக்கணக்கர் பலரையும் கண்டு முடிவிற் புத்த தருமத்தை மேற்கொள்ளும் நூல். ஆயின் பிறர் மதத்தைக் கூறி மறுத்தல் பரபக்கம் வகுத்த நம் ஆசாரியர்க்கும் உடன்பாடன்றோ? சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை ஆழ்ந்து கற்பான் ஒருவனுக்குப் பௌத்த நூலும் சமண நூலும் கைக்கெட்டிய தூரத்தில் இருத்தல் வேண்டும். அவற்றைக் காணாது மறுப்பவன் நிழலோடு போர்செய்பவனாவான். சங்கத்து வெளியீடுகளில் ஐந்திணையைம்பது போன்ற அகநூலும், சமணராகிய குணவீர பண்டிதர் செய்த நேமிநாதமும் இடம்பெற்றன.

இனிப் பூசலைப் பற்றியும் சிறிது கூறல்வேண்டும். கற்றோர் கூடுமிடத்துப் பூசல் இல்லையெனின் அவர் கற்றவரல்லர் என்று விளையாட்டாகச் சொல்லுவதுண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலே அருட்பா மருட்பா என எழுந்த வழக்கு நீதிமன்றம் வரையிற் சென்றதையும், இருதிறத்தும் சைவ நன்மக்களே நின்று ஒருவரையொருவர் இகழ்ந்து துண்டுப்பிரசுரம் விடுத்ததையும் நாம் மறைப்பதற்கில்லை. அதன் வடு இன்னும் முற்றும் ஆறிற்றில்லை. சங்கத்திலும் கருத்துவேறுபாடு குறைவாக இருந்ததன்று. அரசஞ் சண்முகனாரவர்கள் தம் பாயிர விருத்தியில் மாதவச் சிவஞான யோகிகள் கொள்கைகள் சிலவற்றையே மறுக்கத் துணிந்தனர். யோகிகள் திருவடிப்பற்றுடைய எமக்கு அம்மறுப்பிற் பல உடன்பாடல்ல. எனினும், மறுத்தவர் நூல்கொண்டு மறுத்தார். அவரை மறுப்பார்க்கும் அந்நூல்களைப் பார்க்க இடமிருந்தது. இருதிறத்தாரும் ஒரே ஏட்டைக் காட்டி வழக்காடும்போது வசைமொழிக்கு வேலை குறைகின்றது. அத்தகைய வாதத்துக்குச் செந்தமிழ்ப் பத்திரிகை மன்றாயிற்று.

நூல் வெளியீட்டிலும் இத்தொடர்பே பயன் தந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரவர்கள் சென்னையிற் பள்ளியாசிரியர். புராண இதிகாசச் செய்திகளையும் கலைச்செய்திகளையும் அகரவரிசையில் தொகுத்துப் பல்லாண்டு உழைத்து அபிதான சிந்தாமணி என்னும் பெருநூலை அவர் ஆக்கி வைத்திருந்தார். அச்சிடுவாரைத் தேடிப் பல இடத்தும் சென்று பயனின்றி மனம் மெலிந்திருந்தார். தேவரவர்கள் அச்செய்தி அறிந்து முன்வந்தமையால், ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூல் 1910ஆம் ஆண்டிலே மதுரைத் தமிழ்ச்சங்க வெளியீடாக வெளிப்போந்தது. ஒருவர் தம் வீட்டில் அடுக்கிவைத்த தாள்கள் அன்று முதற் பலர்க்கும் உரியவாயின. இன்றும் புராணக் குறிப்பொன்று ஐயமாயவிடத்து நம் கை முதலில் அந்நூலையே நாடுகின்றது.

இங்குத் தேவரவர்கள் வாழ்க்கையில் எமக்கு முழு உடன்பாடில்லாத செய்தி ஒன்றையும் கூறாது விடுதல் நேர்மையன்று. ஸ்காட்டு என்னும் ஐரோப்பியர் ஒருவர் திருக்குறளிலே எதுகை மோனை அமையாதன எனத் தமக்குத் தோன்றிய இடங்களைத் தம் விருப்பப்படி திருத்திப் பதிப்பித்தார் என்றும், தேவரவர்கள் அதனைக் கண்டு வெகுண்டு, அகப்பட்ட படிகளையெல்லாம் விலைகொடுத்து வாங்கித் தீயிட்டனர் என்றும் கூறுவர். புகழ்வோர் இதனைத் தமிழ்ப்பற்றின் எல்லையெனக் காட்டுவர். தெய்வப்புலவர் வாக்கைப் பிழையுறத் திருத்திய நூல் பரவலாகாது என்னும் அவர் கவலையை யாம் உணர்கின்றோம். அக்காலத்தில் நல்ல பதிப்பையும் தீய பதிப்பையும் வேறுபிரித்துணரும் அளவு நூல்கள் பரவவில்லை என்பதும் மெய்யே. ஆயினும், ஒரு படியேனும் புத்தகசாலையில் இருந்திருப்பின், எங்கெங்குப் பிழை செய்தார் எனப் பின்வருவோர் கண்டு தெளிந்திருப்பர். சங்கத்தை நிறுவிய அதே கையே தீயையும் மூட்டிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. காத்தலும் விலக்கலும் ஆகிய இரண்டின் எல்லையைப் புத்தகசாலை நடத்துவோர் ஒவ்வொருவரும் தாமே கண்டுகொள்ள வேண்டியிருக்கின்றது.

அரசியல் வாழ்விலும் அவர் இடம்பெற்றார். 1906ஆம் ஆண்டிலே வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் தூத்துக்குடியிற் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கியபோது, தேவரவர்கள் பெரும்பொருள் இட்டு அதன் தலைமையையும் ஏற்றனர். அதன் முடிவு யாவரும் அறிந்தது. பிள்ளையவர்கள் 1908ஆம் ஆண்டிற் சிறைப்பட்டார், கம்பெனி நொடித்தது. இட்ட பொருள் கடலோடு போயிற்று.

தேவரவர்கள் 1911ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2ஆம் நாள் இறைவனடி சேர்ந்தனர். அப்பொழுது அவர்க்கு ஆண்டு நாற்பத்துநான்கே. பாஸ்கர சேதுபதியவர்களோ 1903ஆம் ஆண்டிலேயே மறைந்திருந்தனர். புரவலர் இருவரும் போனமையாற் சங்கமும் போயிற்றென்றே பலர் நினைத்தனர். புரவலனை மட்டும் பற்றி நின்ற புலவர்குழு அவன் மறைவோடு கலைதல் இந்நாட்டு வழக்கம். இங்கே அஃது அவ்வாறு நிகழவில்லை. ஏடு கொடுத்தோர் தம் ஏட்டைக் காண வந்தனர். தேர்வெழுதினோர் தம் மாணாக்கரைத் தேர்வுக்கு விடுத்தனர். கட்டுரை எழுதினோர் மறுப்புக்கு விடையெழுதினர். பிற்காலத்துத் தமிழவேள் பி. தி. இராசன் அவர்கள் போன்றோர் அதனைத் தாங்கினர். சங்கமும் செந்தமிழ்க் கல்லூரியும் மதுரையில் இன்றும் உள.

நம் ஆதீனங்களின் சுவடிச்சாலைகளும் சிற்றூர்த் திருமடங்களின் ஏட்டுப்பெட்டிகளும் எம் நினைவிற்கு வருகின்றன. சிலவற்றிற் பட்டியல் உண்டு. படிக்க அமர்வார்க்கு இடமும் உண்டு. வேறு சிலவற்றிலோ திறவுகோல் யாரிடம் உள்ளது என்பதும் தெளிவில்லை. சரசுவதி பூசையன்று மஞ்சள் பூசி மலரிட்டுப் பின்பு அடுத்த ஆண்டுவரை திறவாத பெட்டிகளும் உள. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் மெய்யுணர்ந்தோர்க்கும் அடியார் இணக்கத்தை விதித்தது. ஊரில் நாலு பேர் சாத்திரம் கேட்க விழைந்து, தம்மை ஒருவரையொருவர் அறியாது தனித்தனியே இருப்பாராயின், அவர்க்கு அவ்விணக்கம் எவ்வாறு வாய்க்கும்? திருமடத்துத் திண்ணையிலே மாலை இரண்டு நாழிகை பெட்டி திறந்திருக்குமாயின், அந்நால்வரும் அங்கே சந்திப்பர். இது பெரும்பொருள் வேண்டும் செயலன்று. ஒரு விளக்கும், பொறுப்புள்ள ஒருவரும், கொண்டுசெல்லும் நூலின் பெயரெழுதும் ஏடொன்றும் போதும்.

யாழ்ப்பாணத்துக் கு. கதிரைவேற் பிள்ளையவர்கள் நெடுநாள் உழைத்துத் தமிழகராதியொன்று தொகுத்தனர். 1904ஆம் ஆண்டில் அவர் உலகவாழ்வை நீத்தபோது அது அச்சேறவில்லை. மதுரைத் தமிழ்ச்சங்கம் அதனை ஏற்று அச்சிடத் தொடங்கியது. தொகுத்தவரும் இல்லை, சிறிது காலத்தில் அச்சிட முற்பட்ட தலைவரும் இல்லை. பணி நிற்கவில்லை. தேவரவர்கள் மறைந்து பன்னீராண்டு சென்றபின், 1923ஆம் ஆண்டிலே, அதன் இறுதித் தொகுதி சங்கத்திலிருந்து வெளிவந்தது.